ஆறு மாதம் என்று எழுதிய மெழுகு ஐந்தே வாரத்தில் போனது ஏன்?

அண்ணா, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக இங்கே வைத்துவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உங்களிடம் இருப்பது நான்கு வயதான அடர்நீல மைவி கார். பகலெல்லாம் பினாங்கின் பிறைத் தொழிற்பேட்டையில் கூரையில்லாத பார்க்கிங். இரவில் வீடிருக்கும் தாமானில் (குடியிருப்பில்) ஓர் அங்சானா மரத்தடி. மான்செஸ்டரில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது, அங்கே குளிர்காலத்துக்கென்று விற்கிற மெழுகு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஆறு மாதம் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூசினீர்கள். ஐந்தாவது வாரமே தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் போய்விட்டது. டப்பா மோசமா, நம் ஊருக்குக் குளிர்கால மெழுகு ஒத்துவராதா, மழைக்கு முன் வேறு எதை வாங்கிப் பூசுவது என்று கேட்கிறீர்கள்.

டப்பாவின் மேல் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் எழுதியதில் இரண்டு வரிகள்தான் என் கண்ணில் பட்டன. ஒன்று, ‘வழக்கம்போல் கடையில் ஸ்னோ வாஷ் (நுரை அடித்துக் கழுவுவது) போட்டு, வீட்டுக்கு வந்து பூசினேன்.’ இன்னொன்று, ‘அதன் பிறகும் வாரம் ஒரு முறை அதே கடையில்தான் கழுவுகிறேன்.’ ஜெலுத்தோங்கில் பதினெட்டு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். மெழுகு சீக்கிரம் போய்விட்டது என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் கதை இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். பூசுவதற்கு முன் பெயின்ட் மேல் என்ன இருந்தது, பூசிய பிறகு எதைப் போட்டுக் கழுவினோம் என்ற இரண்டும் சரியாக இருந்தால் சாதாரண டப்பாவும் மாதக்கணக்கில் நிற்கும்.

முதலில் அந்தக் குளிர்காலச் சமாச்சாரத்தைப் பார்ப்போம். பிரிட்டன் போன்ற நாடுகளில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள். அங்கே கொட்டுவது சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கும் பழுப்பு நிறக் கல்லுப்பு; மகள் இருக்கிற ஊருக்குப் பக்கத்திலேயே செஷயர் வட்டாரத்து வின்ஸ்ஃபோர்டில் பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த உப்பு, சேறு, உருகிய பனி எல்லாம் சேர்ந்து காரின் மேல் அப்பிக்கொள்ளும். குளிரில் வெளியே நின்று நிதானமாகக் காரைக் கழுவுவது கஷ்டம், புதிதாக மெழுகு பூசவும் முடியாது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் மெழுகு ஒழுங்காகப் பரவாது, காயாது. அதனால் அங்குள்ளவர்கள் அக்டோபர் வாக்கில் நன்றாகச் சுத்தம் செய்து, உப்பையும் அடிக்கடி போடும் சோப்பு நுரையையும் தாங்குகிற கெட்டியான மெழுகாகப் பார்த்து இரண்டு கோட் பூசி, மார்ச் வரை ஓட்டிவிடுவார்கள். ‘ஆறு மாதம்’ என்பது அந்த வாழ்க்கைக்கான கணக்கு. சூரியன் பிற்பகல் நாலு மணிக்கே மறையும் ஊரில், பானெட் தொட்டால் ஜில்லென்று இருக்கும் காரில் போட்ட கணக்கு.

நம் கார் படுகிற பாடு வேறு. பினாங்கில் மதிய வெயிலில் நிற்கும் அடர்நிறக் காரின் பானெட் 70 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அதற்கு மேல் மூன்று, நாலு மணிக்கு ஒரு மழை. மழை விட்டதும் மறுபடி வெயில். பாலத்தில் வந்தால் கடற்காற்று. பிறையில் நிறுத்தினால் இரும்புத் துகள். மரத்தடியில் நிறுத்தினால் பிசினும் மைனா எச்சமும். ஆகஸ்ட், செப்டம்பரில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்தால் சாம்பல் தூசு வேறு. 2019 செப்டம்பரில் பள்ளிக்கூடங்களையே மூடினார்களே, அந்த நாட்களில் வெளியே நின்ற கார்களை விரலால் தொட்டால் விரல் சாம்பலாகும். குளிர் ஒன்றுதான் நமக்கு இல்லை.

அப்படியென்றால் குளிர்கால மெழுகு நமக்கு வேண்டாமா? வேண்டும் என்றுதான் சொல்வேன். உப்புக்கும் சோப்புக்கும் தாக்குப்பிடிக்கத் தயாரித்தது இங்கேயும் தாக்குப்பிடிக்கும். மாதக் கணக்கை மட்டும் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது என்பதற்கு, மெழுகில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. டப்பாக்களில் பெரிய எழுத்தில் ‘கார்னாபா’ என்று போட்டிருப்பார்கள். அது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை. வறண்ட காலத்தில் ஈரம் போகாமலிருக்க அந்தப் பனை தன் ஓலையின் மேல் மெழுகைச் சுரந்து வைத்துக்கொள்ளும். ஓலையை வெட்டிக் காயவைத்து, அதிலிருந்து மெழுகைத் தட்டி எடுப்பார்கள். இயற்கை மெழுகுகளில் இது கெட்டியானது. உருகுவதற்கு 82 முதல் 86 டிகிரி வேண்டும். தேன் மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் கார்னாபாவைத் தனியாகப் பூச முடியாது, கல் மாதிரி இருக்கும். கரைப்பானும் எண்ணெயும் சேர்த்து இளக்கித்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். இளக்கியது சூட்டில் இன்னும் சீக்கிரம் இளகும். அதன் மினுமினுப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அடர்சிவப்புக் காரில் பூசிப் பார்த்தால் அதன் ஆழம் தெரியும். ஆனால் வெயிலில் நிற்கும் காரில் மூன்று வாரம், மிஞ்சினால் ஆறு வாரம் என்பதுதான் என் அனுபவம். கல்யாணத்துக்கு ஜோடிக்கிற காருக்குப் பூசுவேன். பிறையில் நாள் முழுக்க நிற்கிற மைவிக்குப் பூச மாட்டேன்.

உங்களுக்கு வேண்டியது செயற்கைப் பாலிமர் கலந்த வகை. கடையில் சீலன்ட் என்பார்கள். சிலவற்றை மெழுகு என்ற பெயரிலேயே விற்பார்கள். அமெரிக்காவின் கொலினைட் 476எஸ், ஃபினிஷ் கேர் எஃப்கே1000பி, ஜப்பானின் சாஃப்ட்99 ஃபுஸ்ஸோ கோட் இவை எல்லாம் இந்த வரிசையில் பேர் எடுத்தவை. ஃபுஸ்ஸோ என்றால் ஜப்பானிய மொழியில் ஃபுளோரின். நம் ஒட்டாத தோசைக்கல்லில் இருக்கிற சங்கதியின் உறவு. அதன் டப்பாவில் 12 மாதம் என்று போட்டிருக்கும். வெளியே நிற்கிற காரில் எனக்கு நாலு மாதத்திலிருந்து ஐந்து மாதம் வரை கிடைக்கிறது, கூரையடியில் நிற்கிற காரில் அதற்கும் மேல். அடர்நிறக் காருக்குத் தனி டப்பா, வெளிர்நிறத்துக்குத் தனி டப்பா, பார்த்து வாங்குங்கள். மகள் கொடுத்த டப்பாவும் இதே குடும்பம்தான் என்றால் புதிதாக எதையும் வாங்காதீர்கள், அதையே மறுபடி பூசலாம்.

செராமிக் ஸ்ப்ரே பற்றியும் கேட்பீர்கள். ஈரக் காரில் அடித்துத் துடைத்துவிடலாம், சுலபம். சீலன்ட் பூசிய காரில் மாதம் ஒரு தடவை மேல்பூச்சாக அடித்தால் நல்லது. அதையே முழுப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். கடையில் இரண்டு நாள் காரை நிறுத்தி வைத்துச் செய்யும் உண்மையான செராமிக் கோட்டிங் தனிக் கதை, அதன் செலவும் தனி.

சரி, இப்போது முக்கியமான வேலைக்கு வருகிறேன். உங்கள் காருக்குச் செய்யாமல் விட்டது இதைத்தான்.

மெழுகு பெயின்டைப் பிடித்து நிற்க வேண்டுமானால், நடுவே வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஸ்னோ வாஷ் முடிந்ததும் கார் பளபளவென்று தெரியும். அந்தப் பளபளப்பில் பாதி, கடைசியில் அவர்கள் அடிக்கிற சிலிக்கோன் அல்லது மெழுகு கலந்த நீர்தான். நீங்கள் பூசியது அதன் மேல்தான் உட்கார்ந்தது. அது கரைந்து போனபோது உங்கள் மெழுகையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு சோதனை சொல்கிறேன். காரைக் கழுவித் துடைத்த பிறகு, கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் மணல் காகிதம் மாதிரித் தெரியும். பெயின்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகள், பிசின், தார்ப் புள்ளி எல்லாம் அதில் அடக்கம். இதன் மேல் எதைப் பூசினாலும் நிற்காது.

ஆகவே காலை ஏழு மணிக்கு, கார் குளிர்ந்திருக்கும்போது, போர்ச்சுக்குள் வைத்துத் தொடங்குங்கள். முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை இறக்குங்கள். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையை அலசுவதற்கு நல்ல தண்ணீர். இந்த ஒரு தடவை மட்டும், பழைய மெழுகை எடுக்க வேண்டும் என்பதால், சற்றுக் காரமான ஷாம்பு போடலாம். பாத்திரம் கழுவும் திரவத்தைப் போடச் சொல்பவர்கள் உண்டு. ரப்பர் பட்டைகளை அது வறளவைக்கும், நான் போடுவதில்லை. அடுத்து அயர்ன் ரிமூவர், இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம். அடித்த இரண்டு நிமிடத்தில் ஊதா நிறத்தில் வழியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். இரும்போடு அது வேலை செய்கிறது என்று அர்த்தம். காயவிடாமல் நன்றாக அலசிவிடுங்கள். பிறையில் நிற்கும் கார் என்பதால் உங்களுக்கு நிறையவே ஊதா வழியும். முதல் தடவை பார்க்கும்போது மனசு கொஞ்சம் கஷ்டப்படும்.

அதற்குப் பிறகும் சொரசொரப்பு மிச்சமிருந்தால் கிளே பார். பிள்ளைகள் விளையாடும் களிமண் மாதிரித்தான் இருக்கும். ஷாம்புத் தண்ணீர் வழிய வழிய, அழுத்தாமல், நேர்க்கோட்டில் தேய்க்க வேண்டும். கிளே தரையில் விழுந்தால் அதைக் கழுவி மறுபடி எடுக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். ஒட்டிய ஒரு மணல் பானெட் முழுக்கக் கோடு போட்டுவிடும். கடைசியாக, தண்ணீரும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பாதிக்குப் பாதி கலந்து மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடை. எண்ணெய்ப் பசை எல்லாம் போய், பெயின்ட் வெறுமையாக நிற்கும். துணி பானெட்டில் வழுக்காமல் கொஞ்சம் பிடித்து இழுத்தால் தயார்.

போலிஷ் வேண்டுமா என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம். நம் கடைகளில் போலிஷையும் வேக்ஸையும் ஒரே பொருளாகச் சொல்கிறார்கள். போலிஷ் பெயின்டைத் தேய்த்து எடுப்பது. மெழுகு மேலே பூசுவது. பெயின்டின் மேலிருக்கும் கண்ணாடிப் படலம், கிளியர் கோட் என்பது, ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் பருமனே 70 மைக்ரான் இருக்கும். ஒவ்வொரு போலிஷும் அதில் கொஞ்சத்தைத் தின்னும். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் பெரும்பாலும் அந்தப் படலம்தான், மெழுகு இல்லை. சிலந்திவலைக் கீறல் கண்ணை உறுத்தினால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மெல்லிய போலிஷ் போதும். தீபாவளிக்குத் தீபாவளி மெஷின் போட்டுத் தேய்க்கிறவர்கள், ஆறேழு வருடத்தில் கூரையில் பெயின்ட் தோல் உரிகிறதே என்று என்னிடம் வருகிறார்கள். உரிந்த பிறகு எந்த மெழுகும் உதவாது. மறுபடி ஸ்ப்ரே அடிக்க வேண்டியதுதான்.

பூசுவதில் ஒரே சட்டம், மெல்லிசு. தடிமனாகப் பூசினால் அதிக நாள் நிற்கும் என்று கை தானாகவே அள்ளும். பெயின்டோடு ஒட்டுவது அடியில் இருக்கும் மெல்லிய படலம் மட்டும்தான். மீதியெல்லாம் துணிக்குப் போகும். ஒரு கதவுக்கு ஒரு வேர்க்கடலை அளவு போதும். ஸ்பாஞ்சை லேசாக ஈரப்படுத்திப் பிழிந்துகொண்டு, ஒரு நேரத்தில் பாதி பானெட் அல்லது ஒரு கதவு மட்டும் பூசுங்கள். வெள்ளையாகப் பூத்து வந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாகத் தெரிந்தால் துடைக்கலாம். பிசுபிசுவென்று இழுபட்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஃபுஸ்ஸோ மாதிரியான வகையில் மட்டும் நம் சூட்டில் அதிகம் காத்திருக்காதீர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கறுப்புக் காரை வெளியே வைத்து முழுவதும் பூசிவிட்டு, கடைசியில் மொத்தமாகத் துடைக்கலாம் என்று இருந்தேன். காய்ந்து பீங்கான் மாதிரி பிடித்துக்கொண்டது. அதை எடுக்க எனக்கும் இன்னொருவருக்கும் இரண்டு நாள் ஆனது. காரின் சொந்தக்காரர் இரண்டு நாளும் பஸ்ஸில் வேலைக்குப் போனார். அன்றிலிருந்து எந்தக் காரையும் வெயிலில் வைத்துப் பூசியதில்லை. புறங்கையை பானெட்டில் வைத்தால் சுடக் கூடாது. எனக்கு அதுதான் அளவு.

கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்கு முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். மெழுகு பட்டால் வெள்ளைக் கறை லேசில் போகாது. முன் கண்ணாடியிலும் படக் கூடாது, வைப்பர் தடதடக்கும்.

இரண்டாவது கோட் மறுநாள் பூசுங்கள். முதல் தடவை கை படாமல் விட்ட இடங்களை நிரப்பத்தான் அது. மூன்றாவது கோட் வீண். முதல் இரவு கார் நனையக் கூடாது. போர்ச் இல்லாவிட்டால் கூரையுள்ள இடத்தில் யாரிடமாவது கேட்டு நிறுத்துங்கள்.

எப்போது பூசுவது என்று கேட்டீர்கள். ‘நவம்பரில் மொன்சூன் வருகிறதே, அதற்கு முன்’ என்று எழுதியிருந்தீர்கள். நவம்பரிலிருந்து வரும் அந்த வடகிழக்குப் பருவமழை கிளந்தானையும் திரெங்கானுவையும்தான் அதிகம் அடிக்கும். நமக்குப் பினாங்கில் மழை உச்சம் செப்டம்பர், அக்டோபர். ஜனவரி, பிப்ரவரி வறட்சி. அதனால் ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை முழு வேலையும் செய்துவிடுங்கள். தீபாவளி மழையெல்லாம் அதிலேயே கழிந்துவிடும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போவதற்கு முன் இரண்டாவது முறை. அப்போது கிளே எல்லாம் தேவைப்படாது. கழுவி, ஆல்கஹால் துடைத்து, ஒரு கோட் போதும். கூரைக்கும் பானெட்டுக்கும் மட்டும் நடுவில் ஒரு தடவை கூடுதலாகப் பூசலாம். வெயில் முழுக்க அந்த இரண்டின் மேல்தான் விழுகிறது. கதவுகளில் மெழுகு அவற்றைவிட ஒரு மடங்கு அதிக நாள் நிற்கும்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு மழை ஏப்ரலில் ஒரு தரம், அக்டோபர் நவம்பரில் ஒரு தரம் என்று இரண்டு முறை உச்சத்துக்குப் போகும். அவர்கள் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வைத்துக்கொள்ளலாம்.

இனி கழுவுவது. அந்த ஸ்னோ வாஷ் நுரை நிறைய இடங்களில் காரத் தன்மை உள்ளது. அழுக்கு சீக்கிரம் இறங்க வேண்டுமே, வரிசையில் பத்து கார் நிற்கிறதே, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வாரம் தவறாமல் அதைப் போட்டால் எந்த மெழுகும் இரண்டு மாதத்தைத் தாண்டாது. வீட்டிலேயே காரமும் அமிலமும் இல்லாத ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். நேரமில்லாத வாரம் கடைக்குப் போனால், ‘தண்ணி மட்டும் அடிங்க, ஷாம்பு நான் கொண்டுவந்திருக்கேன்’ என்று சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் ஒத்துக்கொள்வார்.

காரில் எப்போதும் ஒரு போத்தல் தண்ணீரும் கொஞ்சம் டிஷ்ஷூவும் வைத்திருங்கள். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் கிளியர் கோட் இளகி விரியும்போது எச்சம் அதில் இறங்கும். மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது அச்சு விழுந்துவிடும். மெழுகு இருந்தால் உங்களுக்குச் சில மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். பார்த்தவுடன் ஈர டிஷ்ஷூவை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்கி எடுங்கள். அங்சானா மரத்தடியை மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். நான் சொன்ன எல்லாவற்றையும்விட அது ஒன்றே அதிக உதவி செய்யும்.

தண்ணீர் முத்தாக நிற்கவில்லை என்றதும் மெழுகு போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தூசுப் படலம் மேலே படிந்திருந்தாலும் முத்து வராது. நன்றாகக் கழுவிவிட்டுப் பாருங்கள். கழுவிய பிறகும் தண்ணீர் பாய் மாதிரி படர்ந்து நின்றால் அப்போது பூசலாம்.

மகள் அங்கே பழைய கார் ஒன்று வாங்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருக்கு இதே டப்பா, அக்டோபரில் இரண்டு கோட். கூடவே இதையும் சொல்லுங்கள்: உப்பு முதலில் தின்பது காரின் அடிப்பாகத்தை, அங்கே நாம் பூசும் மெழுகு போய்ச் சேராது. உறைபனி இல்லாத நாளாகப் பார்த்து, அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுக்குள்ளும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். பழைய கார் வாங்கும்போது முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

மிச்சமிருக்கும் டப்பாவைக் காரின் பின்பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் கரைப்பான் ஆவியாகி, மெழுகு வெடித்த களிமண் மாதிரி ஆகிவிடும். மூடியை இறுக்கி வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வைத்தால் இன்னும் நாலைந்து தடவைக்கு வரும்.